ஊதி அணைக்காத மெழுகுதிரி

அண்ணை,

உங்கள் கறுப்புத் துணி தபாலில் வந்து சேர்ந்தது. பொதியை அவிழ்த்துக் குசினி மேசையில் விரித்தேன். மேசை போதவில்லை, இரண்டு பக்கமும் தரையில் வழிந்தது. முதலில் வந்தது மணம்தான். உருகிய மெழுகு, சாம்பிராணி, அவற்றுக்கு அடியில் நீங்கள் முகத்தில் அப்பிக்கொள்ளும் பவுடர். மூலைகளில் நான் தைத்த வெள்ளை நூல் அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன. ஒற்றைத் தையல் போட்ட மூலை கதவுப்பக்கக் கொளுக்கிக்கு. இரட்டைத் தையல் போட்டது யன்னல் மூலைக்கு. “துணிக்கும் வரைபடம் கீறுற ஒரே ஆள் நீர்தான் காணும்” என்று அன்று நீங்கள் சிரித்தது, துணியை விரிக்கும்போதே காதில் விழுந்தது.

அனுப்பியவர் உங்கள் மகள் அபிராமி. அனுப்பிய கையோடு கொலோன் நகரிலிருந்து தொலைபேசியும் எடுத்தாள்.

“மாமா, துணி வந்திட்டுதே?”

“ஓம் பிள்ளை, வந்திட்டுது.”

“அப்ப இருப்பியள்தானே?”

“எங்கை?”

“மாமா! கதிரையில. எத்தினை தரம் சொன்னனான்?”

“பாப்பம்.”

“உங்கட ‘பாப்பம்’ எனக்குத் தெரியும். சேவையர் பாப்பம் எண்டால் ஏலாது எண்டு அர்த்தம், ஏலாது எண்டு சொல்லப் பயத்தில பாப்பம் எண்டு சொல்லுறார் எண்டு அப்பா சொல்லுவார்.”

நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். நம்முடைய பழைய உள்ளூர்த் தொலைக்காட்சியை இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடத்துகிறார்கள், இணையத்திலும் போகிறது. பழைய ஒளிநாடாக்களைத் தேடி எடுத்து, உங்கள் நிகழ்ச்சியில் ஒன்றை மறுபடி ஒளிபரப்பப் போகிறார்களாம். நீங்கள் இல்லை என்று கேள்விப்பட்டபின், உங்கள் இடத்தில் யாராவது இருந்து, முன்னால் இரண்டு வார்த்தை சொல்லி, கடைசியில் முடித்தும் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அபிராமி என் பெயரைக் கொடுத்துவிட்டாள். நீங்கள் இருந்த கதிரையில், நீங்கள் பார்த்த பக்கம் பார்த்து, நான் பேச வேண்டும். அத்தனை வருடம் கமராவுக்குப் பின்னால் நின்றவன் நான். என் மகனுடைய கலியாணப் படங்களில்கூட நான் இருப்பது இரண்டு படத்தில்தான். அதில் ஒன்றில் பாதி முகம்.

என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

இந்த ஜேர்மன் நகரத்தில் நாமிருவரும் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் சேவையராக வேலை பார்த்த நான் இங்கே ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் விரிப்புகள் மடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் கார்க் கூரையில் ஒலிபெருக்கி கட்டிப் படமாளிகைக்கு அறிவிப்புச் சொல்லித் திரிந்த நீங்கள் இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். ஒரு நாள் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி வாசலில் நின்றீர்கள்.

“சேவையர், கமரா சும்மா தருகினமாம்.”

“ஆர்?”

“ரிவிக்காரர். இந்த நகரத்தில இருக்கிற ஆரும் போய் நிகழ்ச்சி செய்யலாமாம். காசும் இல்லை, கேள்வியும் இல்லை.”

“நீங்கள் என்ன செய்யப் போறியள்?”

“பேய்ப்படம் காட்டப் போறன்.”

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை என்று தெரிந்தது. பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னீர்கள். இரவு வேலை முடிந்து, சட்டையில் எண்ணெய் மணத்தோடு வந்து, நித்திரை வராமல் தொலைக்காட்சியைப் போட்டால், ஏதோ ஓர் அலைவரிசையில் ஒரு மனிதர் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வந்து அன்றைய படத்தை அறிமுகம் செய்வாராம். அவர் பேசிய ஜேர்மன் மொழியில் பாதி உங்களுக்கு விளங்கவில்லை. “ஆனால் சேவையர், இந்த நாட்டில அந்தாள் ஒருத்தன்தான் அந்த நேரத்தில என்னோட கதைச்சவன். எனக்கு மட்டும் சொல்லுறமாதிரி இருக்கும்.” அந்த நிகழ்ச்சி நின்றுபோன கிழமை உங்களுக்கு ஒரு சாவீடு போல இருந்ததாம். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “சவப்பெட்டிக்காரனுக்கு இவர் எட்டுச் செலவுப் படையலும் போட்டிருப்பார்” என்றார்.

அலைவரிசைக்குப் பொறுப்பாக இருந்த பிறிங்க்மன் அம்மையார் நல்லவர், ஆனால் விதிகளில் நிற்பவர். உரிமை இல்லாத படத்தைப் போடக் கூடாது என்றார். கடையில் வாங்கிய ஒளிநாடாக்களைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் திகைத்துப் போனீர்கள். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். நகரத்தில் பொழுதுபோக்காகப் படம் பிடிப்போர் சங்கம் ஒன்று இருந்தது. தபால்காரர், பல் வைத்தியர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள். அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கள் நிலக்கீழ் அறைகளிலும் நிலக்கரிக் கழிவு மேடுகளிலும் பேய்ப்படங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆளில்லை. கேட்டவுடன் ஒரு பெட்டி நிறையத் தந்தார்கள். அவ்வளவும் மோசமான படங்கள். ஒன்றில் பிணம் தும்மும். இன்னொன்றில் இரத்தக்காட்டேரி சுவரில் மோதிவிட்டு மன்னிப்புக் கேட்கும். நீங்கள் ஒன்றைக்கூடக் கேலி செய்யவில்லை. “பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்குதுகள்” என்று ஒவ்வொரு படத்தையும் மூன்று நான்கு தரம் பார்த்துவிட்டுத்தான் அறிமுகம் எழுதுவீர்கள். தமிழில் நீங்கள் சொல்வதை ஜேர்மனில் எழுதித் தருவது என் வேலை. என் இலக்கணம் சரி. என் வாய்தான் திறக்காது. உங்கள் இலக்கணம் முழுதும் பிழை, ஊரே விளங்கிக்கொண்டது.

நள்ளிரவு நிகழ்ச்சியை நாம் சனிக்கிழமைப் பிற்பகலில் பதிவு செய்தோம் என்பது பார்த்தவர்களில் எவருக்கும் தெரியாது. கலையகத்துக்கு ஒரு பெரிய யன்னல் இருந்தது. வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம், எதிர்வீட்டில் கார் கழுவும் மனிதர். அந்த யன்னலை இந்தத் துணியால்தான் மூடினேன். ஒரு கீறு வெளிச்சம் வந்தாலும் நான் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். நீங்கள் வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டுப் போட்டு, பவுடரோடு காத்திருப்பீர்கள். “சேவையர், காணி அளந்து முடிஞ்சுதோ? பேய்க்கு வேர்க்குது.”

முதல் பதிவுக்குப் பிறிங்க்மன் அம்மையார்தான் ஒழுங்கைச் சொல்லித் தந்தார். மேசையில் ஒரு மெழுகுதிரி. ஆரம்பத்தில் நீங்கள் அதைக் கொளுத்த வேண்டும். படம் முடிந்தபின் நன்றி சொல்லி, குனிந்து, ஊதி அணைக்க வேண்டும். திரை இருளும். முடிவு. மெழுகுதிரி என்னுடையது. நான் உதவிக்குப் போகும் தேவாலயத்தில் எரிந்து குறுகிய திரிகளைப் பாதிரியார் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் நன்றி சொன்னீர்கள். குனிந்தீர்கள். குனிந்தபடியே இருந்துவிட்டீர்கள். நான் கமராக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஊதவில்லை. நிமிர்ந்தீர்கள். கதிரையை விட்டு எழுந்து, சத்தமில்லாமல் படத்துக்கு வெளியே வந்து, என் காதுக்குள் சொன்னீர்கள்.

“ஏலாது காணும்.”

“என்ன ஏலாது?”

“வாயால ஊதி நூர்க்க ஏலாது. விளக்கெண்டால் என்ன, மெழுகுதிரியெண்டால் என்ன. எச்சில் வாயால ஊதக் கூடாது. வீட்டில அவள் பூவாலதான் நூர்க்கிறவள்.”

“இங்கை பூவுக்கு எங்கை போறது?”

“நீர் ஊதும். உமக்கென்ன, வேதக்காரன்தானே.”

“நான் படத்துக்குள்ள வர ஏலாது அண்ணை. கமராவை விட்டிட்டு வர ஏலாது.”

“தலையைக் காட்டத் தேவையில்லை, வாயை மட்டும் நீட்டும்.”

நான் நீட்டவில்லை. நீங்கள் ஊதவில்லை. நாம் இரண்டு பேரும் கமராவுக்குப் பின்னால் களவெடுக்க வந்தவர்கள்போல நின்றோம். பிறிங்க்மன் அம்மையார் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையை விரித்தார். மெழுகுதிரி தன்பாட்டில் எரிந்தது. கதிரை வெறுமையாக இருந்தது. ஒளிநாடா ஓடி முடியும்வரை அதுதான் பதிவானது. அதற்குள் அடுத்த பதிவுக்காரர் வந்துவிட்டார், கிளி வளர்ப்போர் சங்கத் தலைவர், கையில் கூட்டோடு. உள்ளே வந்தார், எரிவதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊதிவிட்டு மேசையில் கூட்டை வைத்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். “சரி, அந்தப் பாவம் கிளிக்காரனுக்கு” என்றீர்கள்.

மறுபடி பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. அந்த வெறும் கதிரையும் மெழுகுதிரியும் அப்படியே ஒளிபரப்பாகின.

ஒளிபரப்பு நேரத்தில் பொறுப்பானவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அலைவரிசையின் விதி. நீங்கள் அந்த நேரத்தில் உணவகத்தில் நிற்பீர்கள். ஆகவே என் வீட்டு இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தோம். கடைசி எழுத்துகளில் அதுவும் ஓடியது. யார் அழைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும்போதே மணி அடித்தது. முறைப்பாடு என்று நினைத்து, மன்னிப்புக்கான வசனத்தை மனதில் கோர்த்துக்கொண்டு எடுத்தேன். வயதான ஒரு பெண் குரல்.

“அது இன்னும் எவ்வளவு நேரம் எரியும்?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“இல்லை, இல்லை. எரியட்டும். எரிகிறவரையில் நான் இங்கே இருக்கலாம் என்று பார்த்தேன்.”

அன்றிரவு இன்னும் சிலர் அழைத்தார்கள். முதியோர் இல்லத்தில் இரவுக் காவல் செய்யும் ஓர் இளைஞன். பெயர் சொல்லாத ஒருவர். மூச்சு மட்டும் கேட்டது, வைத்துவிட்டார். நான் விடிய உங்கள் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பல்துலக்கியை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு துப்பிவிட்டுச் சொன்னீர்கள்: “அப்ப இனி ஒருநாளும் நூர்க்கிறேல்லை.”

அதுவே நிகழ்ச்சியின் அடையாளமாகிவிட்டது. மாதத்தின் முதல் சனி இரவு, படம் முடிந்தபின், நீங்கள் எழுந்து போவீர்கள். மெழுகுதிரி எரிந்துகொண்டேயிருக்கும், நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் முடியும்வரை. பதிவு முடிந்ததும் அணைப்பதற்காக நான் பழம்பொருள் சந்தையில் நீண்ட கம்பியின் நுனியில் சிறு கூம்பு வைத்த ஒன்றை வாங்கினேன், தேவாலயத்தில் இருப்பதுபோல. மூடி அணைத்தால் ஊதியது ஆகாது என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். ஆனாலும் அதை ஒருநாளும் கையால் தொடவில்லை. “உம்முடைய சாமான், நீரே செய்யும்.”

முதல்நாள் எடுத்த அம்மையாரின் பெயர் லிண்ட்னர். பிறகு ஒவ்வொரு முறையும் எடுத்தார். கணவர் சுரங்கத்தில் வேலை செய்தவர், இறந்துவிட்டார். பேய்ப்படம் பிடிக்காது, ஆனால் மெழுகுதிரிக்கு முன்னால் எது வந்தாலும் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்பார். கதைப்பது கொஞ்சம்தான். நான் அதைவிடக் குறைவு. தன் தொலைக்காட்சியில் படம் நடுங்குவதாகவும், எரிவது சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்லி, “இன்னும் எரிகிறதா?” என்று கேட்பார். “எரிகிறது” என்பேன். அது எனக்கு உறுத்தியது. ஒரு கிழமைக்கு முன், வெயில் நேரத்தில், என் கையால் அணைத்த மெழுகுதிரி அது. உங்களிடம் சொன்னேன்.

“எரியுது எண்டே சொல்லும்” என்றீர்கள். “அவ பாக்கிற நேரம் எரியுதுதானே. அதுக்குமேல உமக்கென்ன கணக்கு?”

லிண்ட்னர் அம்மையார் ஒருமுறை கேட்டார்: “நீங்கள்தானா அந்தக் கறுப்புக் கோட்டு மனிதர்?” இல்லை என்றேன். “அப்படியானால் நீங்கள் யார்?” கமரா என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டது அந்த ஒருதரம்தான்.

பிறகு ஒரு முதல் சனியில் அவர் அழைக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. முகவரி நமக்குத் தெரியாது. நான் எழுதித் தந்ததை விட்டுவிட்டு, அடுத்த பதிவில் உங்கள் பிழையான ஜேர்மனில் கமராவைப் பார்த்துச் சொன்னீர்கள், மெழுகுதிரியைப் பற்றிக் கேட்கும் அம்மாவுக்கு, அது எரிகிறது என்று. அன்று இரவு நான் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மணி அடிக்கவில்லை.

கமராவைப் பார்த்து என்று எழுதிவிட்டேன். அது சரியல்ல. நீங்கள் ஒருநாளும் கண்ணாடியைப் பார்த்துப் பேசியதில்லை. பார்வை எப்போதும் ஒரு சாண் மேலே இருக்கும். நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். “அண்ணை, என்னைப் பாராதேங்கோ, கண்ணாடியைப் பாருங்கோ.” நீங்கள் கேட்கவில்லை. “இரும்பைப் பாத்து என்னெண்டு காணும் கதைக்கிறது? ஆளைப் பாத்தால்தான் எனக்குக் கதை வரும்.” ஒவ்வொரு நிகழ்ச்சியும் துவங்கும்போது மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு நீங்கள் சொல்லும் அந்த ஒரே வசனத்தையும் அப்படித்தான் சொன்னீர்கள், கண்ணாடிக்கு மேலே பார்த்து: “பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்.”

பேயைப் பற்றி உங்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. என் மனைவி இறந்த வருடம், நான் பதிவுக்கு வராமல் இருந்த நாட்களில், நீங்கள் படியேறி வந்து என் குசினியில் இருந்து சொன்னீர்கள்: “பேய்க்குப் பயப்பிடுறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும் சேவையர். பக்கத்தில ஒரு ஆள் இருந்தால்தான் பயப்பிடலாம். தனிய இருக்கிறவனுக்கு அதுவும் ஏலாது.” பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “சனிக்கிழமை வாரும், யன்னலை மூட ஆளில்லை” என்றீர்கள். நான் வந்தேன்.

அலைவரிசை கைமாறி நிகழ்ச்சி நின்றது. அக்காவும் காலமாகிவிட்டார். நீங்கள் அபிராமியோடு கொலோனுக்குப் போனபின் நம் கட்டடத்தின் படிகளில் தமிழ் கேட்பதில்லை. நான் மாதத்தின் முதல் சனியில் ரயிலில் வந்தேன். வேறு நாள் எனக்கு வசப்படவில்லை. கடைசித் தடவை மருத்துவமனைக்கு வந்தேன். மெழுகுதிரி கொண்டுவரலாமா என்று தாதியிடம் கேட்டேன்; ஒட்சிசன் இருக்கிறது, கூடாது என்றார். ஆகவே கடையில் பற்றரியில் எரியும் ஒன்றை வாங்கிவந்து உங்கள் தலைமாட்டில் வைத்தேன். நீங்கள் அதை நெடுநேரம் பார்த்தீர்கள்.

“இதை எப்பிடி நூர்க்கிறது?”

“அடியில சுவிச் இருக்கு, அண்ணை.”

“அட. இதை அண்டைக்கே கண்டுபிடிச்சிருந்தால் கிளிக்காரனுக்குப் பாவம் வந்திராது.”

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியபின் கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்: “ஒருக்கா நீர் கதிரையில இரும். நான் இந்தப் பக்கம் நிண்டு பாக்க வேணும்.” நான் பாப்பம் என்றேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே உதட்டைக் கோணினீர்கள். அந்தக் கிழமைக்குள் அபிராமியின் அழைப்பு வந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு மடலை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இடையில் சில கிழமைகள் போய்விட்டன.

நான் போனேன், அண்ணை. போகிற அன்று காலை அபிராமிக்குத் தொலைபேசி எடுத்து ஏலாது என்று சொல்ல இலக்கத்தை அழுத்தினேன். அவள் வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. அவள் எடுத்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

புதிய கலையகத்துக்கு யன்னலே இல்லை. துணியைப் பையில் கொண்டுபோனவன் அதை எங்கே தொங்கவிடுவது என்று தெரியாமல் நின்றேன். லேனா என்ற மாணவிதான் பொறுப்பு. காதில் வளையம், காலில் இரண்டு நிறக் காலுறை. என்னைக் கதிரையில் இருத்தினாள். முன்னால் மூன்று கமராக்கள். ஒன்றுக்குப் பின்னாலும் ஆளில்லை.

“யார் பிடிப்பார்கள்?” என்று கேட்டேன்.

“யாரும் நிற்கத் தேவையில்லை. நான் பக்கத்து அறையிலிருந்து இயக்குவேன்.”

அவள் போனாள். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பலமுறை திருத்தி எழுதிய காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. மெழுகுதிரியைக் கொளுத்தினேன், இரண்டாவது குச்சியில்தான் பற்றியது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே ஒரு கிழவன் தலைகீழாகத் தெரிந்தான். அவனிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கையைத் தூக்கினேன். லேனா ஒலிபெருக்கியில் என்ன என்று கேட்டாள்.

“நீங்கள் இங்கே வந்து, இதற்குப் பின்னால் நிற்க முடியுமா?”

“ஏன்? படம் சரியாகத்தான் இருக்கிறது.”

“படத்துக்காக இல்லை.”

வந்தாள். தமிழ் தனக்கு விளங்காதே என்றாள். பரவாயில்லை என்றேன். இரும்புக்கு ஒரு சாண் மேலே அவள் முகம் தெரிந்தது, கொஞ்சம் களைத்த, நித்திரை குறைந்த முகம். அவளைப் பார்த்து, முதலில் தமிழிலும் பிறகு ஜேர்மனிலும் சொன்னேன்: இந்த மனிதர் பகலிலும் இரவிலும் கோப்பை கழுவினார். மாதத்தில் ஓரிரவு உங்களோடு இருந்தார். படம் அவ்வளவு பயங்கரமானது அல்ல, நடுவில் பிணம் தும்மும், அந்த இடத்தில் சிரிக்கலாம், அவர் கோபிக்க மாட்டார். லேனா சிரித்தாள். அதன்பின் உங்கள் வசனத்தைச் சொல்ல வேண்டும், காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். வாயைத் திறந்தேன். நான் இருக்கிறேன் என்று நாடே கேட்கச் சொல்ல நான் யார்? வரவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

“இப்போது ஊதி அணைத்துவிடுங்கள், முடிந்தது” என்றாள் லேனா.

“இல்லை. இது எரியும்.”

“எவ்வளவு நேரம்?”

“பதிவில் இடம் இருக்கிறவரையில்.”

தோளைக் குலுக்கினாள். நான் கதிரையை விட்டு எழுந்து, சத்தமில்லாமல் அவளருகே வந்து நின்றேன். கொஞ்சநேரத்தில் அவள் தரையில் சப்பணமிட்டு இருந்துவிட்டாள். ஒருதரம் இருமினாள். பிறகு நேரம் முடிந்ததென்று சொல்ல அவளே மறந்துபோனாள்.

ஒளிபரப்பு இரவில் வீட்டில் தனியே இருந்து பார்த்தேன். நான் வந்தேன், அந்தக் கிழவனைச் சரியாகப் பார்க்க முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் வந்தீர்கள். கறுப்புக் கோட்டு, பவுடர், கழுத்தில் வேர்வை. மெழுகுதிரியைக் கொளுத்தி நிமிர்ந்தீர்கள். கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே பார்த்தீர்கள். அங்கே நின்றவன் இப்போது முன்னால் சோபாவில் இருக்கிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பார்வை என் தலைக்கு மேலால் சுவருக்குப் போனது. நான் சோபாவை விட்டு எழுந்து நின்றேன். நின்றபடியேதான் கேட்டேன்: “பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்.”

படம் ஓடியது. பிணம் தும்மியது. கடைசியில் என் மெழுகுதிரி வந்தது, வெறும் கதிரையோடு. அப்போது மணி அடித்தது. இப்போது திரையில் யாருடைய இலக்கமும் ஓடுவதில்லை. ஆகவே யார் என்று தெரியாமல் எடுத்தேன்.

“மாமா.” அபிராமி.

“சொல்லு பிள்ளை.”

என் தொலைக்காட்சியில் லேனா இருமினாள். சற்றுப் பிந்தி, அதே இருமல் தொலைபேசிக்குள்ளால் கொலோனிலிருந்து வந்தது. அங்கேயும் அது எரிந்துகொண்டிருந்தது.

“போனை வைக்காதேங்கோ மாமா.”

“வைக்கேல்லை.”

“பிள்ளையள் படுத்திட்டுதுகள். இவர் இரவு வேலை. அப்பாவின்ர அறைக் கதவு திறந்து கிடக்கு, என்னால போய்ச் சாத்த ஏலாம இருக்கு. விசரி மாதிரி இருக்கிறன், என்ன?”

“இல்லைப் பிள்ளை.”

“எனக்குப் பயமா இருக்கு, மாமா.”

என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. “பயப்பிடாதை பிள்ளை” என்றேன். “நான் இருக்கிறன்.”

அவள் அழுதாள். நான் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். நமக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து திரையில் வேறு ஏதோ வந்தபின்னும் நாம் இருவரும் வைக்கவில்லை. பிறகு அவள் எழுந்து நடப்பது கேட்டது. ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படுவது கேட்டது. “சரி மாமா, படுக்கிறன்” என்றாள்.

துணியை மடித்துவிட்டேன், அண்ணை, ஒற்றைத் தையல் மூலை முதலில். அதை அபிராமிக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை. பற்றரி மெழுகுதிரி அவளிடம் இருக்கட்டும். எனக்கு இந்த மணம் போதும்.

நேற்று மறுபடியும் மாதத்தின் முதல் சனி. ஒளிபரப்பு ஒன்றும் இல்லை. வழக்கத்தில் முழித்திருந்தேன், தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. அந்த நேரத்துக்கு மணி அடித்தது.

“மாமா, முழிப்போ?”

“ஓம் பிள்ளை” என்றேன். “முழிப்புத்தான்.”